ஒருமுறை வளைந்த எஃகு

கல்பாக்கத்தின் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கான எரிபொருள் மெல்லிய எஃகுக் குழாய்களுக்குள் அடைக்கப்படுகிறது. குழாயின் வெளிவிட்டம் 6.6 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 217 குழாய்கள் சேர்ந்தால் ஒரு கட்டு. உலையின் நடுப்பகுதியில் அப்படி 181 கட்டுகள். மொத்தம் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள். டி-9 என்று பெயரிட்ட எஃகு அது. ஏறக்குறைய 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், கொஞ்சம் டைட்டானியம் கலந்தது. குழாய் தயாராகும் கடைசிக் கட்டத்தில் அதைச் சூடு காட்டாமல் இழுத்துக் குறுக்குவெட்டுப் பரப்பில் 20 சதவீதத்தைக் குறைக்கிறார்கள். அதன் பிறகு காய்ச்சி இளக்குவது கிடையாது. இறுகிய நிலையிலேயே அது உலைக்குள் போகிறது.

அதே உலையின் பிரதானக் கலம் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டம் கொண்டது. அது 316 எல்.என். என்ற எஃகில் ஆனது; டி-9 இருக்கும் அதே ஆஸ்டெனைட் குடும்பம்தான். ஆனால் இங்கே கதை தலைகீழ். தகடுகளைச் சூடு காட்டாமல் வளைக்கும்போது ஏறும் இறுக்கத்துக்கு, அதாவது குளிர்வேலைக்கு, வடிவமைப்பு விதிகள் வரம்பு கட்டுகின்றன. வரம்பு தாண்டினால் மறுபடி காய்ச்சி, பழைய இளகிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே குடும்பத்து எஃகில், ஒரு பாகத்துக்குத் தேடிப்போய் ஏற்றும் உருமாற்றத்தை இன்னொரு பாகத்திலிருந்து விரட்டுகிறார்கள். இது முரண்பாடு இல்லை. உருமாறிய உலோகம் வேறு உலோகம் என்பதை ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு.

நம் பொறியியல் கல்லூரிகளில் இந்த ஒப்புதல் போதுமான அளவு நடப்பதில்லை என்பது என் எண்ணம். பாடத்தில் வரும் படம் எளிமையானது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், அது மீட்சி. ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் கொஞ்சம் நீளம் தங்கிவிடும், அது நெகிழ்மை. மீட்சிக்கு 1678இல் ராபர்ட் ஹூக் அச்சிட்ட விதி இருக்கிறது. எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் பொருளாக, அதாவது ஐசோட்ரோபிக் பொருளாக இருந்தால், யங் குணகம், பாய்சான் விகிதம் என்று இரண்டே எண்கள் போதும். எல்லை தாண்டிய பிறகு பாரத்தை எடுத்தால், கோடு பழைய சரிவிலேயே கீழிறங்கும். மறுபடி இழுத்தால் அதே கோட்டில் ஏறி, விட்ட இடத்தில் தொடரும். இந்தப் படத்தில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் விபத்துகளும் இருக்கின்றன, கல்பாக்கத்தின் 20 சதவீதமும் இருக்கிறது.

அந்தக் கால்வாசியைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கட்டுமானம் நடக்கும் இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பியில் ஒரு முழம் எடுங்கள். நன்றாகக் காய்ச்சி இளக்கப்பட்ட கம்பி அது. விரலால் வளைத்தால் முனகாமல் வளையும். கூர்மையாக மடித்துவிட்டு, மறுபடி நேராக்கப் பாருங்கள். மடித்த இடத்தில் நிமிராது. அதற்குப் பக்கத்தில் இருபுறமும் வளைந்துகொடுத்து, நடுவில் ஒரு முண்டு நின்றுவிடும். மடிபட்ட இடம் இறுகிவிட்டது, மடிபடாத இடம் இளகியே இருக்கிறது. வேகமாக முன்னும் பின்னும் மடித்து அந்த இடத்தை உதட்டில் வைத்தால் சுடும். நாம் செலவழித்த வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகப் போய்விட்டது. மிச்சம் கம்பிக்குள்ளேயே தங்கியிருக்கிறது. இதை 1930-களில் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லரும் குவின்னியும் அளந்து காட்டினார்கள். தங்கிய அந்தச் சிறு பங்குதான் நம் கட்டுரையின் பொருள்.

தங்குவது எங்கே? உலோகம் படிக மணிகளால் ஆனது. மணிக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்கில் ஆங்காங்கே கோடுகோடாகப் பிசகு உண்டு. டிஸ்லொகேஷன் எனப்படும் இந்தப் பிசகுக் கோடுகள் நகர்வதால்தான் உலோகம் நெகிழ்கிறது என்று 1934இல் டெய்லர், ஓரோவான், போலன்யி மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நகரும்போதே அவை பெருகவும் செய்கின்றன, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளவும் செய்கின்றன. நன்றாக இறுக்கப்பட்ட உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை நீட்டிவைத்தால் 10 லட்சம் கிலோமீட்டர் வரும். இங்கிருந்து நிலாவுக்குப் போய்த் திரும்பினாலும் மிஞ்சும். சிக்கல் கூடக்கூட அடுத்த நகர்வுக்கு அதிக விசை வேண்டும். காய்ச்சி இளக்கிய 316 எஃகின் ஈல்டு வலிமை, அதாவது அது நெகிழத் தொடங்கும் தகைவு, 200 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேலே. 20 சதவீதக் குளிர்வேலைக்குப் பிறகு அது ஏறத்தாழ மூன்று மடங்கு. விலையாக, உடைவதற்கு முன் அது நீளக்கூடிய அளவு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

இதே பேரத்தைச் சாலையோரக் கட்டுமானத்தில் நம் ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. 1960-களில் இந்தியாவுக்கு வந்த முறுக்குக் கம்பியின் வலிமையில் பெரும்பகுதி, கம்பியைக் குளிர்நிலையில் முறுக்கியதால் வந்தது. சாதாரண மைல்டு ஸ்டீலின் 250 மெகாபாஸ்கல், முறுக்குக் கம்பியில் 415 ஆனது. கம்பி மிச்சமானது, வீடுகளும் பாலங்களும் அதில் எழுந்தன. ஆனால் முறுக்கு கம்பியின் மேற்பரப்பில்தான் அதிகம் ஏறுகிறது. அங்கே எஞ்சிய தகைவும் தேங்கிய ஆற்றலும் இருக்கின்றன. உப்புக்காற்று வந்து சேர்வதும் அதே மேற்பரப்புக்குத்தான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், புதுப்பட்டினம் வரை கடலோரத்தில் அந்தக் காலத்துக் கட்டடங்களின் தளத்திலும் தூணிலும் கான்கிரீட் வெடித்துத் துருக்கம்பி வெளியே தெரிவதைப் பார்க்கலாம். எல்லாப் பழியையும் முறுக்கின் மேல் போடுவது நியாயமில்லை. கவர் குறைவு, கடல் மணல், தளர்ந்த கலவை எல்லாமே பங்காளிகள். ஆனால் முறுக்குக் கம்பி துருவுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும் என்பது பொறியாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். சூடான கம்பியின் மேற்பரப்பை நீரால் சட்டென்று குளிர்வித்துச் செய்யும் டி.எம்.டி. கம்பி அதன் இடத்தைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐசோட்ரோபிக் என்ற அனுமானத்தின் அடித்தளத்தையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றை இரும்புப் படிகத்தை அதன் கனசதுர விளிம்பின் வாக்கில் இழுத்தால் யங் குணகம் சுமார் 130 கிகாபாஸ்கல். மூலைவிட்டத்தின் வாக்கில் இழுத்தால் சுமார் 280. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். நாம் புத்தகத்தில் படிக்கும் 210 என்ற எண், கோடிக்கணக்கான மணிகள் ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்பதால் கிடைக்கும் சராசரி. அதாவது எஃகு தன் இயல்பால் திசை பேதமற்றது அல்ல. அதன் மணிகள் கலைந்து கிடக்கும் வரைக்கும்தான் அப்படி. இழுத்தாலோ உருட்டினாலோ மணிகள் மெல்லத் திரும்பி ஒரு வாக்கில் அணிவகுக்கின்றன. ஆக, உருமாற்றம் முதலில் அழிப்பது, எந்த அனுமானத்தை வைத்து அந்த உருமாற்றத்தைக் கணக்கிட்டோமோ அதையேதான். நெகிழ்மைக் கோட்பாட்டின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுக்க இந்தச் சங்கடத்தோடு நடந்த மல்லுக்கட்டு என்றுதான் நான் வாசிக்கிறேன்.

தொடக்கத்தில் யாரும் கவலைப்படவில்லை. உலோகத்தை அச்சுகளின் வழியே பிதுக்கிப் பார்த்த ட்ரெஸ்கா, 1864இல், உச்சச் சறுக்குத் தகைவு ஓர் அளவைத் தொட்டால் நெகிழ்வு தொடங்கும் என்றார். 1904இல் ஹூபரும் 1913இல் ஃபான் மீசஸும் வேறொரு அளவுகோலைத் தந்தார்கள். இன்று கணினியில் வண்ணம் வண்ணமாக வரும் தகைவுப் படங்களில் இருப்பது மீசஸின் பெயர்தான். இவை எல்லாம் முதல் நெகிழ்வைப் பற்றியவை. இரண்டாவது முறை என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல். 1880-களில் மியூனிக்கில் பௌஷிங்கர் அதைக் கண்டார். ஒரு கம்பியை நெகிழும்வரை இழுத்துவிட்டு, பிறகு எதிர்த்திசையில் அழுத்தினால், அது முன்னைவிடக் குறைந்த தகைவிலேயே இணங்கிவிடுகிறது. இழுப்பில் வலுவடைந்த அதே கம்பி அழுத்தத்தில் பலவீனப்பட்டிருக்கிறது. தடையில் போய் முட்டி நிற்கும் பிசகுக் கோடுகளுக்கு முன்னே போவதுதான் கடினம், பின்வாங்கச் சுலபம்.

இதைச் சமன்பாட்டில் அடைக்க இரண்டு வழிகள் வந்தன. நெகிழ்வின் எல்லையை ஒரு மேற்பரப்பாக எண்ணிக்கொண்டால், உருமாற்றத்தில் அது எல்லாத் திசையிலும் சமமாக விரிகிறது என்பது ஒன்று. விரிவதில்லை, இழுத்த பக்கமாக நகர்கிறது என்பது இன்னொன்று. 1950-களின் நடுவில் பிராகர் முன்வைத்தது இது. முதலாவதில் பௌஷிங்கருக்கு இடமே இல்லை. இரண்டாவதில் அளவுக்கு மிஞ்சி இடம் இருக்கிறது. உருட்டிய தகட்டின் திசை வேற்றுமைக்காக 1948இல் ராட்னி ஹில் தனியே ஒரு சூத்திரம் எழுதினார். பிற்பாடு ஃபிரான்சில் சாபோஷ் விரிவு, நகர்வு, காலம் மூன்றையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தார். பெரிய உருமாற்றங்களில் மீட்சியையும் நெகிழ்மையையும் வெறுமனே கூட்டிக்கழிக்க முடியாது என்று 1969இல் ஈ.எச். லீ காட்டியது வேறொரு கிளைக்கதை. அதன் உள்சண்டைகள் இன்றும் ஓயவில்லை, இங்கே அதற்குள் இறங்கத் தேவையுமில்லை.

சாபோஷின் மாதிரி வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்குக் கல்பாக்கத்தின் பிரதானக் கலமே சாட்சி. கலத்துக்குள் இருப்பது திரவ சோடியம்; மையத்திலிருந்து வெளியேறும்போது அதன் வெப்பம் 547 டிகிரி செல்சியஸ். சோடியத்தின் மேல்மட்டத்தை ஒட்டிய கலச்சுவரில், சில சென்டிமீட்டருக்குள்ளேயே வெப்பம் செங்குத்தாக மாறுகிறது. உலையின் நிலை மாறும்போதெல்லாம் அந்த மட்டம் ஏறி இறங்கும். வெப்பச் சரிவும் கூடவே ஏறி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் சுவர் துளி நெகிழ்கிறது. திரும்பும்போது அந்தத் துளி முழுதாக மீள்வதில்லை. அடுத்த சுற்றில் இன்னொரு துளி. 40 ஆண்டு ஆயுளில் இந்தத் துளிகள் எவ்வளவு சேரும்? எல்லை விரிகிறது என்ற மாதிரியை வைத்தால் சீக்கிரமே வளர்ச்சி நின்றுவிடும் என்று விடை வரும். ஆபத்தான ஆறுதல் அது. நகர்கிறது என்று மட்டும் வைத்தாலும் தவறான விடைதான். அதனால்தான் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வடிவமைப்பாளர்கள் சாபோஷ் வகை மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் மாறிலிகளைச் சோதனைகளால் நிரப்பினார்கள். பி. செல்லப்பாண்டி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இதில் உழைத்தார்கள். பொருளின் கடந்தகாலத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதன் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சரி, நெகிழ்மை மாறுகிறது. மீட்சி மாறுமா? பாடநூல் இல்லை என்கிறது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள் ஆம் என்பார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகர் வட்டாரம் கார் உதிரிபாகத் தொழில் பழகிய இடம். தகட்டை டையில் வைத்து அழுத்தி எடுத்தால், டை காட்டிய கோணத்தில் அது நிற்பதில்லை, கொஞ்சம் விரிந்துகொள்ளும். ஸ்பிரிங் பேக் என்பார்கள். எவ்வளவு விரியும் என்பது ஈல்டு வலிமைக்கும் யங் குணகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. உயர்வலிமைத் தகடுகளில் புத்தகக் குணகத்தை வைத்துக் கணக்கிட்டால் விடை குறைவாகவே வரும். காரணம், நெகிழ்ந்த தகடு பாரம் இறங்கும்போது காட்டும் சரிவு, முதலில் காட்டியதைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை குறைந்துபோகிறது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்துவிடவில்லை. சிக்கி நிற்கும் பிசகுக் கோடுகள் பாரம் குறையும்போது கொஞ்சம் பின்னே வளைந்து, மீட்சியோடு தங்கள் பங்கையும் சேர்த்துவிடுகின்றன. அதைத் தூய மீட்சி என்பதா, மீளும் நெகிழ்மை என்பதா என்று வாதம் உண்டு. டை செய்பவருக்கு அந்த வாதம் வேண்டாம்; கதவு பொருந்தினால் போதும்.

இன்னும் நுட்பமான ஒரு மாற்றமும் உண்டு. தகைவுக்கு உட்பட்ட பொருளில் ஒலி செல்லும் வேகம் மாறுகிறது. இழுப்பின் வாக்கில் ஒரு வேகம், குறுக்கே வேறு வேகம். 1953இல் ஹியூஸும் கெல்லியும் இரும்பு, பாலிஸ்டைரின், பைரெக்ஸ் கண்ணாடி ஆகியவற்றில் இதை அளந்தார்கள். திசை பேதமில்லாத பொருள், வெறும் மீட்சி எல்லைக்குள் இழுத்துப் பிடித்தாலே திசை பேதம் உள்ளதாகிவிடுகிறது. மாற்றம் சிறியதுதான். எஃகில் 100 மெகாபாஸ்கல் தகைவுக்கு, இழுப்பின் வாக்கில் போகும் ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அளக்க முடியும். வெட்டாமல், உடைக்காமல், பற்றவைத்த இடத்தில் எஞ்சிய தகைவைப் படிக்கும் வழி இது. கல்பாக்கத்தில் பல்தேவ் ராஜ் வளர்த்தெடுத்த சேதமில்லாச் சோதனைப் பிரிவு மீயொலியிலும் காந்த முறைகளிலும் நாடறிந்த பெயர் பெற்றது.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகள். சிற்பி கல்லை வாங்குமுன் தட்டி ஓசை பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் எடுப்பார். பொத்தென்று விழுந்தால் உள்ளே விரிசல் என்று ஒதுக்குவார். அது மரபின் அறிவு மட்டுமில்லை, இயற்பியலும்கூட. கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் இருக்கின்றன. அழுத்தும்போது முதலில் அவை மூடிக்கொள்கின்றன. கல் முன்னைவிட விறைக்கிறது, ஒலி வேகமாகப் போகிறது. மேலும் அழுத்தினால் அழுத்தத்தின் வாக்கிலேயே புதிய விரிசல்கள் திறக்கின்றன. குறுக்குவாக்கில் கல் தளர்கிறது. எஃகில் பிசகுக் கோடுகள் செய்யும் வேலையைக் கல்லில் விரிசல்கள் செய்கின்றன. பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: எஃகு தாராளமாக நெகிழ்ந்துவிட்டு உடையும், கல்லுக்கு அந்த அவகாசம் கிடையாது. மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட பாறைகளில் வரிசையாகத் தெரியும் ஆப்புத் துளைகள், பல்லவர் காலத்திலிருந்து பிற்காலம்வரை கல் உடைத்தவர்கள் இந்தக் குணத்தை எவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதைக் காட்டுகின்றன.

இப்போது அந்த 20 சதவீதம். 1967இல் கௌதார்ன், ஃபுல்டன் இருவரும் ஸ்காட்லாந்தின் டூன்ரே அதிவேக உலையிலிருந்து எடுத்த எஃகுக்குள் நுண்ணிய வெற்றுக் குழிகளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். வேக நியூட்ரான்கள் அணுக்களை இடத்தைவிட்டு உதைத்துத் தள்ளுகின்றன. இடம்பெயர்ந்த அணுக்களில் பெரும்பாலானவை திரும்பிவிடும். திரும்பாதவற்றைப் பிசகுக் கோடுகள் சற்றுக் கூடுதல் ஆசையோடு விழுங்குகின்றன. அதனால் மிஞ்சிய வெற்றிடங்கள் சேர்ந்து குழிகளாகின்றன. எஃகு உள்ளிருந்தே உப்புகிறது. உப்பினால் குழாய் விரியும், கட்டு வளையும், கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே உள்ள மில்லிமீட்டர் கணக்கான இடைவெளி தீர்ந்துபோகும். நியூட்ரான் அதிகமாக விழும் பக்கம் கூடுதலாக உப்புவதால், நேராகப் போன கட்டு வில்லாக வெளியே வரும்.

குளிர்வேலை ஏற்றிய எஃகில் பிசகுக் கோடுகள் அடர்ந்திருக்கின்றன. வெற்றிடங்களும் இடம்பெயர்ந்த அணுக்களும் ஒன்றையொன்று சந்தித்து ஒழிய எங்கு பார்த்தாலும் இடம். அதனால் உப்பல் தொடங்குவது தள்ளிப்போகிறது. டைட்டானியம் கார்பைடு துகள்கள் அந்தக் கோடுகளைப் பிடித்து நிறுத்தி வைக்கின்றன. நியூட்ரான்களால் பிறக்கும் ஹீலியத்தையும் ஆங்காங்கே சிதறடித்து அடக்குகின்றன. அப்படியானால் 20 ஏன், 40 ஏன் கூடாது? தேங்கிய ஆற்றல்தான் காரணம். குழாயின் சுவர் 700 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் வேலை செய்கிறது. குளிர்வேலை மிகுந்தால் அந்த வெப்பத்தில் எஃகு தானாகவே புதிய மணிகளை வளர்த்துக்கொண்டு, ஏற்றிய இறுக்கத்தையெல்லாம் இறக்கிவிடும். குறைந்தால் உப்பலைத் தடுக்கப் பிசகுகள் போதாது. இருபதை ஒட்டிய எண், இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில் பல நாடுகள் அனுபவத்தில் கண்டுகொண்ட இடம்.

கல்பாக்கத்துக்கு அந்த அனுபவம் தன் சொந்த உலையிலும் கிடைத்தது. 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை தொடங்கிய அதிவேக ஈனுலைச் சோதனை உலையில் 20 சதவீதக் குளிர்வேலை ஏறிய 316 எஃகுதான் குழாய். உள்ளே இருந்தது உலகில் வேறெங்கும் முதன்மை எரிபொருளாக ஓட்டாத புளுட்டோனியம் செறிந்த கார்பைடு. எரிப்பளவைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் கட்டை வெளியே எடுத்துக் கதிர்வீச்சுத் தடுப்பறைக்குள் வைத்து அளந்து, டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை போனார்கள். அந்த எல்லையைக் கடைசியில் தீர்மானித்தது எரிபொருள் அல்ல. எஃகு எவ்வளவு உப்பியது, எவ்வளவு நெகிழ்மையை இழந்தது என்பதே. அவசரப்படாமல் படிப்படியாகப் போன அந்தப் பொறுமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அதே உலையில் வேண்டாத உருமாற்றமும் நடந்தது. 1987 மே மாதம் எரிபொருள் கையாளும்போது ஒரு கட்டு சிக்கி வளைந்தது. அதை நகர்த்தும் வழிகாட்டுக் குழாயும் வளைந்துபோனது. மீட்சி எல்லைக்குள் இருந்திருந்தால் விசையை எடுத்ததும் நிமிர்ந்திருக்கும். எல்லை தாண்டிவிட்டதால் வளைவு தங்கிவிட்டது. வளைந்த குழாய் தான் நுழைந்த துளை வழியே வெளியே வராது. தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் அதை உள்ளேயே இரண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். உலை மறுபடி ஓடியது 1989இல்.

கலத்தில் குளிர்வேலையை ஏன் விரட்டுகிறார்கள் என்பதற்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. கலம் பல்லாண்டு உயர்வெப்பத்தில் துளித்துளியாக நெகிழ வேண்டியது. அதற்கு நெகிழும் சக்தி கையிருப்பில் இருக்க வேண்டும். முன்கூட்டியே இறுகிய இடத்தில் அந்தக் கையிருப்பு செலவாகிவிட்டது. இன்னொரு காரணம் கடல். கட்டுமானக் காலத்தில் எஃகுப் பாகங்கள் உப்புக்காற்றில் காத்திருக்கும். இறுகிய இடமும் எஞ்சிய தகைவும் குளோரைடும் ஒன்றுசேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் எஃகும் பிளக்கும். கார்பனைக் குறைத்து நைட்ரஜனைக் கூட்டிய எல்.என். ரகத்தைத் தேர்ந்தெடுத்ததில் கல்பாக்கத்தின் கடற்காற்றுக்கும் பங்கு உண்டு.

இதே மையத்தில், இது ஆர்.ஆர்.சி. என்று அழைக்கப்பட்ட காலத்தில், இன்னொரு வேலை நடந்தது. அதற்குக் கிடைக்க வேண்டிய பொதுக்கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். சில வெப்பநிலைகளில் உலோகத்தை ஒரே சீராக இழுத்தாலும் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது. 1923இல் போர்ட்வான், லெ ஷாட்டெலியே விவரித்தது. கரைந்துள்ள அணுக்கள் பிசகுக் கோடுகளை ஓடிப்போய்ப் பூட்டுகின்றன, தகைவு ஏறியதும் கோடுகள் பிய்த்துக்கொள்கின்றன, மறுபடி பூட்டு. உலை எஃகுகளிலும் சில நூறு டிகிரியில் இது வருகிறது. அப்போது வேகமாக இழுத்தால் தகைவு கூடாமல் குறையும். நெகிழ்வு ஒரே இடத்தில் குவியும். 1982இல் ஜி. அனந்தகிருஷ்ணாவும் எம்.சி. வல்சகுமாரும் இந்தப் பற்களுக்கு ஒரு கணித மாதிரி எழுதினார்கள். பிசகுக் கோடுகளை நகர்பவை, நிற்பவை, அணு சூழ்ந்தவை என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றாக மாறும் சமன்பாடுகளை வைத்தார்கள். தாளம் தானாகவே எழுந்தது. அந்த மாதிரி, தாளம் சில நிலைகளில் கேயாஸாக மாறும் என்றும் முன்னறிந்து சொன்னது. பின்னர் சோதனைத் தரவுகளில் அதற்கான அடையாளங்கள் கிடைத்தன. பிற்காலத்தில் மையத்தின் இயக்குநரான பிளாசிட் ரோட்ரிக்ஸ் 1984இல் இந்த ரம்பப்பல் நெகிழ்வைப் பற்றி எழுதிய ஆய்வுரையை இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.

உருமாறிய பொருள் பழைய பொருள்தானா என்ற கேள்வியைத் தத்துவ அளவில் நேராக எதிர்கொண்டவர்களில் முக்கியமானவர் கே.ஆர். ராஜகோபால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1998இல் ஏ.ஆர். ஸ்ரீனிவாசாவுடன் எழுதிய கட்டுரைகளில் அவர் சொன்னது இது: பொருளுக்கு ஒரே ஓர் இயல்பு வடிவம் கிடையாது. நெகிழும்போது அதன் இயல்பு வடிவமே மாறிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு புதிய வடிவத்திலிருந்தும் ஒரு புதிய மீட்சி தொடங்குகிறது, அதன் சமச்சீரும் பழையதாகவே இருக்கத் தேவையில்லை. இப்படிப் பார்த்தால் மீட்சியும் நெகிழ்மையும் அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றின் விதிகளை ஓயாமல் திருத்தி எழுதுகிறது. எனக்குப் பிடித்த பார்வை இதுவே. கட்டுக்கம்பி, முறுக்குக் கம்பி, டி-9 குழாய் மூன்றையும் இது ஒரே பிடியில் பிடிக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலை நெடுக உள்ள கல்லூரிகளில் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் இல்லாத கல்லூரி அரிது. மாணவர்கள் ஒரு மைல்டு ஸ்டீல் கம்பியை மாட்டி, அறுபடும்வரை ஒரே மூச்சில் இழுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் நெகிழ்ந்ததும் நிறுத்தி, பாரத்தை இறக்கி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். உடனே ஏற்றினால், முதல் இழுப்பில் ஈல்டு இடத்தில் தகைவு சட்டென்று இறங்கிய அந்தச் சறுக்கல் இருக்காது. அதே போன்ற இன்னொரு கம்பியை நெகிழவிட்டு, கொதிநீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்து இழுத்தால், சறுக்கல் திரும்ப வந்திருக்கும், இன்னும் உயர்ந்த தகைவில். கார்பன், நைட்ரஜன் அணுக்கள் பிசகுகளைப் போய்ச் சேர்ந்துவிட்டன. புதிய கருவி எதுவும் வாங்காமல், ஒரு பிற்பகலில் முடியும் சோதனை. பொருளுக்குக் கடந்தகாலம் உண்டு என்பதை இதைப் போல வேறு எந்தச் சொற்பொழிவும் புரியவைக்காது.

கல்பாக்கத்தின் பார்வை இப்போது டி-9-ஐத் தாண்டிப் போகிறது. ஃபெரைட், மார்ட்டென்சைட் வகை எஃகுகள் மிகக் குறைவாகவே உப்புகின்றன. ஆனால் உயர்வெப்பத்தில் வலிமை போதாது. அதற்காக நுண்ணிய யிட்ரியம் ஆக்சைடு துகள்களைத் தூளாகக் கலந்து, பிதுக்கி, குளிர்நிலையில் உருட்டிக் குழாயாக்குகிறார்கள். ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ., அணு எரிபொருள் வளாகம், கல்பாக்கம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. இங்கே பழைய சங்கடம் புது உருவில் வந்து நிற்கிறது. உருட்ட உருட்ட மணிகள் குழாயின் நீளவாக்கில் நீண்டு அணிவகுக்கின்றன. நீளவாக்கில் வலிமை பிரமாதம், சுற்றுவாக்கில் குறைவு. எரிபொருளிலிருந்து வெளியேறும் வாயு குழாய்க்குள் அழுத்தும்போது, சுற்றுவாக்குத் தகைவு நீளவாக்குத் தகைவைப் போல இரண்டு மடங்கு. உருட்டும் படிகளுக்கு நடுவே காய்ச்சி மணிகளை மறுபடி உருண்டையாக வளர்க்கும் முறைகள் இதற்காகவே வந்தன. நீளவாக்கில் இழுத்துப் பார்த்த எண்ணை மட்டும் வைத்து இந்தக் குழாயைத் தேர்வு செய்ய முடியாது. உள்ளே வாயுவை ஏற்றி, உலை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்து, சுற்றுவாக்கில் எப்போது வெடிக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.